வலியோடு வேலை செய்பவரின் பட்டறை: சுவரா, இழுப்பறையா, சக்கர மேடையா?

கார் ஷெட்டின் ஒரு பாதியைப் பட்டறையாக்கி, 15 ஆண்டுகளாக மரவேலையும் சில்லறைப் பழுதுபார்ப்புகளும் செய்துவருகிறேன். முதல் பத்து ஆண்டுகளில் எந்தக் கருவி எங்கே கிடக்கிறது என்பதை நான் பொருட்படுத்தியதே இல்லை. குனிந்தால் எடுக்கலாம், எக்கினால் எட்டிவிடும். இப்போது கீழ்முதுகில் பழைய வலி இருக்கிறது. வலது கட்டைவிரலின் அடிமூட்டில் தேய்மானம். முழங்கால்கள் மடங்கிவிட்டால் நிமிர்வதற்கு எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒரு நாள் மாலை கீழ்த்தட்டின் பின்மூலையிலிருந்து திருகாணி டப்பா ஒன்றை எடுக்கக் குனிந்தேன். அதன் எடை ஒரு கிலோகூட இராது. முதுகு பிடித்துக்கொண்டது; நான்கு நாட்கள் படுக்கையில் கிடந்தேன். கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்த அந்த நாட்களில்தான், டப்பாவின் கனத்தைவிட அது இருந்த இடமே என்னை வீழ்த்தியது என்று புரிந்தது. எழுந்த பிறகு பட்டறை முழுவதையும் மாற்றி அடுக்கத் தொடங்கினேன். சுவரில் மாட்டிப் பார்த்தேன், இழுப்பறை செய்து பார்த்தேன், சக்கரம் பொருத்திப் பார்த்தேன். செய்தவற்றில் சிலவற்றைப் பிரித்தும் போட்டேன். எது எந்த வலிக்கு ஒத்துவருகிறது என்று நான் கண்டதை இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். விரல்கள் மரத்துப்போவது, காலுக்குள் இறங்கும் வலி, தூக்கத்தைக் கலைக்கும் வலி, காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாத மூட்டு இறுக்கம் ஆகியவற்றுக்கு அலமாரியை மாற்றி அடுக்கித் தீர்வு காண முடியாது. மருத்துவரிடம்தான் போக வேண்டும். தேய்மானத்தால் வரும் காலை இறுக்கம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தளர்ந்துவிடும். வயதோடும் உழைப்போடும் வந்து ஒட்டிக்கொண்ட அத்தகைய வலிகளைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

எடையைவிடத் தூரம் கொடியது

அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம், பளு தூக்குவதற்கென ஒரு சூத்திரத்தை 1981-இல் வகுத்து, 1991-இல் திருத்தியது. எல்லாச் சூழலும் சாதகமாக இருந்தால் ஒருவர் தூக்கத்தக்க எடை 23 கிலோ என்பது அதன் தொடக்கப்புள்ளி. சாதகமான சூழல் என்றால், பொருளைப் பிடிக்கும் கைகள் தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்திலும், கணுக்கால்களிலிருந்து 25 செ.மீ. முன்னாலும் இருக்க வேண்டும். அதே பொருள் தரையில் கிடந்தால், உயரத்துக்கான கழிவு மட்டும் போக, 23 கிலோ ஏறத்தாழ 18 ஆகக் குறைகிறது. உயரம் சரியாக இருந்து தூரம் மட்டும் 50 செ.மீ. ஆனால் 11.5 கிலோ. 63 செ.மீ. தள்ளிப்போனால் வெறும் 9 கிலோ.

இந்த எண்கள் திடமான உடல்கொண்ட தொழிலாளர்களுக்கானவை. முதுகு நோவு உள்ளவர் இவற்றைத் தனக்கான அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அவற்றுக்கு இடையிலான விகிதம் நமக்கு நிறையச் சொல்கிறது. தாழ்வாக இருப்பதைவிடத் தள்ளி இருப்பது அதிகம் வாட்டுகிறது. தாழ்வாகவும் தள்ளியும் இருந்தால், அது என் திருகாணி டப்பா இருந்த இடம்.

இதைப் படித்தபோதுதான், பட்டறைப் படங்களில் நாம் அடிக்கடி பார்க்கும் ஓர் அமைப்பு எனக்கு உறுத்தத் தொடங்கியது. வேலை மேசை சுவரோடு ஒட்டி நிற்கும். அதன் பின்சுவர் முழுவதும் கருவிகள் வரிசையாகத் தொங்கும். பார்க்க அழகு. ஆனால் மேசையின் அகலம் 60 அல்லது 70 செ.மீ. இருக்கும். சுவரில் இருப்பதை எடுக்க ஒவ்வொரு முறையும் இடுப்பை மேசை விளிம்பில் அழுத்தி, முன்னால் சாய்ந்து, கையை முழுவதும் நீட்ட வேண்டும். ஒரு நாளில் எத்தனை முறை அப்படிச் செய்கிறேன் என்று எண்ணிப்பார்க்க முயன்று, நாற்பதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். முதுகுவலியோ தோள்வலியோ உள்ளவர், மேசைக்குப் பின்னால் கருவிச் சுவர் வைப்பதைத் தவிர்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அதே பலகையை மேசைக்குப் பக்கத்துச் சுவருக்கு மாற்றினால் போதும். இரண்டு அடி எடுத்து வைத்து, நெஞ்சுக்கு நேராக நின்று எடுக்கலாம். அந்த இரண்டு அடி நடையும் நல்லதே. ஒரே இடத்தில் நின்றால் இறுகிப்போகும் மூட்டுக்கு அதுவும் மருந்துதான்.

ஆக, பட்டறையில் மிக மதிப்புள்ள இடம் நடுத்தொடையிலிருந்து தோள் வரைக்குமான சுமார் இரண்டரை அடிப் பட்டை. எதை வாங்கலாம், எதைச் செய்யலாம் என்று யோசிப்பதற்கு முன், இந்தப் பட்டையில் இப்போது என்ன உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். என் பட்டறையில் அந்த இடத்தில் பழைய வர்ண டப்பாக்கள் இருந்தன. தினமும் தொடும் உளிகள் முழங்காலுக்குக் கீழே கிடந்தன.

சுவர், இழுப்பறை, திறந்த தட்டு, சக்கர மேடை

சுவரில் மாட்டுவதன் பெரிய நன்மை, தேடவே வேண்டியதில்லை என்பது. பெட்டியைத் திறந்து, கிளறி, அடியில் இருப்பதை எடுக்க மேலே இருப்பதைத் தூக்கி வைக்கும் வேலையெல்லாம் சேர்ந்துதான் மாலையில் கைவலியாகத் திரள்கிறது. அமெரிக்கச் சமையல் வல்லுநர் ஜூலியா சைல்டின் சமையலறையில், துளைப்பலகையில் ஒவ்வொரு சட்டியும் தொங்க வேண்டிய இடத்தில் அதன் உருவத்தைக் கணவர் பால் வரைந்து வைத்திருந்தார். அந்தச் சமையலறை இன்று வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எது எங்கே என்று மனத்தை அலைய விடாமல் கண்ணே காட்டிக்கொடுக்கும் ஏற்பாடு அது. களைத்த உடம்போடு வேலையை முடித்து, கருவிகளைத் திரும்ப வைக்கும் நேரத்தில்தான் அதன் அருமை தெரியும்.

ஆனால் சுவரில் மாட்டுவதிலும் இரண்டு வகை உண்டு. கைவலி உள்ளவருக்கு அந்த வேறுபாடு முக்கியம். துளைப்பலகையில் 1 அங்குல இடைவெளியில் துளைகள் இருக்கும். கம்பிக் கொக்கிகளைச் செருகிக்கொள்ளலாம். மலிவு, எளிது. சிக்கல் என்னவென்றால் கருவியை எடுக்கும்போது கொக்கியும் கூடவே வந்துவிடுகிறது. ஒரு கையால் கொக்கியை அமுக்கிக்கொண்டு மறு கையால் கருவியை உருவ வேண்டும். விழுந்த கொக்கியைத் தரையிலிருந்து பொறுக்க வேண்டும். முதுகும் விரலும் ஒரே நேரத்தில் தண்டனை பெறுகின்றன. இன்னொரு வகை, 45 பாகைச் சாய்வில் நீளவாக்கில் அறுத்த மரச்சட்டங்களைச் சுவரில் வரிசையாக அடித்து, அதே சாய்வுள்ள எதிர்ச்சட்டத்தோடு கருவித் தாங்கிகளைச் செய்து மேலே மாட்டிவிடுவது. தாங்கி தன் எடையாலேயே இறுகி உட்காரும். கருவியை உருவும்போது அசையாது. கைப்பிடி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும்படி தாங்கியைச் செய்துகொண்டால், விரல் நுனியால் கிள்ளி எடுக்காமல் உள்ளங்கை முழுவதாலும் பற்றி எடுக்கலாம்.

கிள்ளுவதற்கும் பற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. கட்டைவிரல் நுனியில் 1 கிலோ அளவுக்கு அழுத்திக் கிள்ளினால், அதன் அடிமூட்டில் சுமார் 12 கிலோ அழுத்தம் விழுகிறது என்று 1977-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அடிமூட்டுத் தேய்மானம் உள்ளவருக்கு அது எண் அல்ல, அன்றாட அனுபவம். சிறிய குமிழைப் பிடித்து இழுப்பறையைத் திறப்பது, இறுக்கமான மூடியைக் கழற்றுவது, கொக்கியை நெருடுவது எல்லாம் கிள்ளும் வேலைகளே.

இழுப்பறையைப் பற்றி எனக்கு முதலில் நல்ல எண்ணம் இல்லை. மூடிவைத்தால் மறந்துபோகும் என்று நினைத்தேன். செய்து பார்த்த பிறகு மனம் மாறியது. முழு நீளமும் வெளியே வரும் குண்டுத் தாங்கித் (பால் பேரிங்) தண்டவாளம் பொருத்திய இழுப்பறை, பின்மூலையில் இருப்பதை நம் வயிற்றருகே கொண்டுவந்து தருகிறது. மேலே சொன்ன தூரக் கழிவு அடியோடு மறைகிறது. அலமாரித் தட்டில் கையை உள்ளே விட்டுத் துழாவுவதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. பாதி மட்டும் வெளியே வரும் மலிவான தண்டவாளம் வாங்கி ஏமாறாதீர்கள். பின்பாதி எப்போதும் இருட்டில் கிடக்கும்.

இழுப்பறை நல்லதாக அமைய மூன்று விஷயங்கள் வேண்டும். ஆழம் 7 அல்லது 8 செ.மீ. போதும்; அதற்கு மேல் போனால் கருவிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, பழைய கிளறல் திரும்ப வந்துவிடும். குமிழுக்குப் பதிலாக நான்கு விரலும் நுழையும் வளைந்த கைப்பிடி வேண்டும். முழங்காலுக்குக் கீழே இழுப்பறையே வேண்டாம். அந்த இடத்தை வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் பொருளுக்கு விட்டுவிடலாம், அல்லது காலியாகவே விடலாம். காலியாக விட்டால் மேசையருகே நிற்கும்போது ஒரு காலை அங்கே உள்ள கட்டையின் மேல் தூக்கி வைத்துக்கொள்ள இடம் கிடைக்கிறது. கீழ்முதுகுக்கு அது தரும் ஆறுதலை நான் எதிர்பார்க்கவே இல்லை.

திறந்த தட்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 30 செ.மீ.க்கு மேல் ஆழம் இல்லாமல், ஒற்றை வரிசையில் பொருட்கள் நிற்கும்படி இருந்தால் நல்லது. மூடி போட்ட பெட்டிகளை அதில் அடுக்காதீர்கள். மேல் பகுதி திறந்த சிறு தொட்டிகளே கைக்கு எளிது. தூசி கொஞ்சம் படியும், படியட்டும்.

சக்கரம் பொருத்திய மேடைகள் வேறு வகைச் சிக்கலைத் தீர்க்கின்றன. மேசை ரம்பம், சறுக்கு வெட்டு ரம்பம், இழைப்பு இயந்திரம் போன்றவற்றில் பலவும் 20 கிலோவுக்கு மேல் இருப்பவை. அவற்றை மேசைக்கும் தரைக்கும் தூக்கி மாற்றுவது என்ற பழக்கம் நம் வாழ்வில் முடிந்துவிட்டது என்று ஏற்றுக்கொள்வதே நல்லது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிலையான இடமா, சக்கர மேடையா என்பதுதான் கேள்வி. இடம் இருந்தால் நிலையான இடமே மேல். தள்ளுவதும் ஓர் உழைப்புதானே. ஆனால் காரும் உள்ளே நிற்க வேண்டிய ஷெட்டில் அது நடக்காது. அப்போது 75 மி.மீ.க்குக் குறையாத விட்டமுள்ள சக்கரங்களாகப் பாருங்கள். சிறிய சக்கரம் தரையின் ஒவ்வொரு கீறலிலும் முட்டி நின்று, அந்த அதிர்ச்சி நேரே மணிக்கட்டுக்கு வரும். கைப்பிடி முழங்கை உயரத்தில் இருக்கட்டும். மேடையை இழுக்காமல் தள்ளிக்கொண்டு போங்கள். கார் ஷெட்டின் தரை பெரும்பாலும் தண்ணீர் வடிவதற்காக வாசல் பக்கம் சற்றே சரிந்திருக்கும். ஆகவே சக்கரமும் சுழற்சியும் ஒருசேரப் பூட்டிக்கொள்ளும் வகை தேவை. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் மெல்ல நகரத் தொடங்கினால், வலியைவிடப் பெரிய ஆபத்து அது.

இயந்திரத்தைப் பலகையோடு சேர்த்துத் தலைகீழாகப் புரட்டி மறைத்து வைக்கும் மேசைகள் இப்போது பலராலும் விரும்பிச் செய்யப்படுகின்றன. இடச் சிக்கனத்தில் அவை சிறந்தவை. தோள்வலி உள்ளவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். எடை நடுவில் சமமாக அமையாவிட்டால், புரட்டும் கணத்தில் மொத்தக் கனமும் ஒரு தோளில் இறங்கிவிடும்.

இவற்றில் எது என்று கேட்டால், எந்த மூட்டு வலிக்கிறது என்று திருப்பிக் கேட்பேன். முதுகும் முழங்காலும் என்றால் இழுப்பறை முதலில், சுவர் அடுத்து. தோள் என்றால் சுவரை நெஞ்சுயரத்தோடு நிறுத்திக்கொண்டு மற்றதை இழுப்பறைக்குக் கொண்டுவாருங்கள். விரலும் மணிக்கட்டும் என்றால் சாய்வுச் சட்டச் சுவர்தான், இழுப்பறையைக் குறைத்துக்கொள்ளலாம். என்னைப் போல முதுகு, முழங்கால், விரல் மூன்றும் சேர்ந்து வலிப்பவருக்கு, தினசரிக் கருவிகள் இருபது இருபத்தைந்து மட்டும் பக்கச் சுவரில், மற்றவை இடுப்பளவு இழுப்பறைகளில், கனமானவை சக்கரத்தில் என்ற கலவை ஒத்துவந்தது. இரண்டாவது சுத்தியலும் நான்காவது திருப்புளியும் எதற்கு என்ற கேள்வியும் அப்போது தானாகவே எழுந்தது. பாதியை வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

மேசையின் உயரம்

வேலை மேசையைப் பொறுத்தவரை எல்லோருக்கும் பொருந்தும் உயரம் என்று ஒன்று கிடையாது. ஆனால் முழங்கையை வைத்து அளந்துகொள்ளலாம். இழைப்புளி தள்ளுவது, கொட்டாப்புளியால் ஓங்கி அடிப்பது போன்ற பலத்த வேலைக்கு மேசை முழங்கைக்கு 15 முதல் 40 செ.மீ. வரை கீழே இருக்கலாம். உடல் எடையை இறக்கி அழுத்த அதுவே வசதி. பொருத்துவது, திருகுவது போன்ற இலகு வேலைக்கு 10 முதல் 15 செ.மீ. கீழே. குறிகீறுவது, நுண்ணிய செதுக்கல் போன்றவற்றுக்கு முழங்கைக்கு 5 முதல் 10 செ.மீ. மேலே. அரம் போடும் பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸுக்கு ஃபிட்டர்களிடம் ஒரு பழைய அளவு உண்டு: பக்கத்தில் நின்று, மடக்கிய கைமுட்டியை உங்கள் தாடைக்குக் கீழே வைத்தால், முழங்கை வைஸின் தாடைகளைத் தொட வேண்டும்.

இந்த மூன்று உயரங்களுக்கும் இடையே அரை மீட்டர் வரை இடைவெளி இருக்கிறது. ஒரே மேசையில் எல்லாவற்றையும் செய்ய முயன்றால் ஏதாவது ஒன்றுக்குக் குனிந்தே ஆக வேண்டும். ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாச்சம்சன் முதுகெலும்பு வட்டுகளுக்குள் அழுத்தத்தை அளந்தபோது, நிமிர்ந்து நிற்பதை 100 என்று வைத்தால், நின்றபடி முன்னால் சாய்வது ஏறத்தாழ 150 என்று கண்டார். கையில் எந்தப் பளுவும் இல்லாமலேயே இந்த ஏற்றம். குறிகீறுவதற்கு அரை மணி நேரம் தாழ்ந்த மேசையில் கவிழ்ந்து நின்றால், ஒரு பொருளையும் தூக்காமலேயே முதுகு களைத்துப்போவதன் காரணம் இதுதான்.

தீர்வுகள் மூன்று. உயரம் மாற்றக்கூடிய மேசை வசதியானது. ஆனால் கைச்சுழற்றி வைத்த வகையில், சுழற்றுவதே மணிக்கட்டுக்கு வேலை, அதனால் நாளடைவில் யாரும் மாற்றுவதில்லை. மின்மோட்டார் வைத்த வகை மாற்ற எளிது. ஓங்கி அடிக்கும்போது சற்றே ஆடும். இரண்டு தனி மேசைகள் என்பது இடம் தாராளமாக உள்ளவர்களுக்கு. மூன்றாவதாக, இருக்கும் மேசையைப் பலத்த வேலைக்கான தாழ்ந்த உயரத்திலேயே விட்டுவிட்டு, 15 முதல் 20 செ.மீ. உயரமுள்ள குட்டி மேசை ஒன்றைச் செய்து, நுண்வேலையின்போது அதன்மேல் தூக்கிவைத்துக் கிளாம்ப் போட்டுக்கொள்வது. நான் இதைத்தான் தேர்ந்தேன். இலேசான மரத்தில், இரண்டு பக்கமும் கை நுழையும் பிடித்துளையோடு செய்தேன். ஒரு நாள் வேலை. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்பவருக்கு நான் இதையே சொல்வேன். ஜூலியா சைல்டின் சமையலறை மேடையையும் வழக்கமான 36 அங்குலத்துக்குப் பதில் 38 அங்குலமாக உயர்த்தித்தான் கட்டினார்கள். அவர் ஆறடிக்கு மேல் உயரம். உடம்புக்கு ஏற்றபடி மேடையை மாற்றுவது சமையல் செய்பவருக்கு நியாயம் என்றால், உளி பிடிப்பவருக்கும் நியாயம்தான்.

நின்றா, உட்கார்ந்தா என்ற கேள்விக்கு இரண்டையும் மாற்றி மாற்றி என்பதே என் விடை. முழுக்க உட்காராமல் பாதி சாய்ந்து நிற்கும்படியான உயர்ந்த முக்காலி ஒன்று போதும். கான்கிரீட் தரையில் மேசைக்கு முன் ஒரு ரப்பர் விரிப்பு போடுங்கள். விளிம்பு சாய்வாகச் சீவியதாக இருக்கட்டும், தடுக்காது.

விளக்கைச் சேமிப்போடு சேர்த்து யாரும் பேசுவதில்லை. எனக்கோ கழுத்துவலியில் பாதி விளக்கால் தீர்ந்தது. 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, 20 வயதுக் கண்ணுக்குச் சேரும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சேர்கிறது. கண்ணுக்குத் தெரியாதபோது நாம் விளக்கைக் கூட்டுவதில்லை, தலையைத்தான் கொண்டுபோகிறோம். மேசையின் இரண்டு பக்கமும் கை நீட்டிய விளக்குகள் வைத்த பிறகு, குனிந்து பார்க்கும் வழக்கம் தானாகவே குறைந்தது.

கைக்கருவியா, மின்கருவியா

மூட்டுவலி வந்தவுடன் எல்லாவற்றுக்கும் மின்கருவி வாங்கிவிடு என்பார்கள். முழுக்கச் சரியல்ல. திருப்புளியால் ஐம்பது திருகாணி முடுக்குவது மணிக்கட்டுக்குக் கொடுமை. அங்கே மின்கருவி வேண்டும். அதிலும் சாதாரண ட்ரில் இறுகி நிற்கும்போது கையையே முறுக்கித் திருப்பும். தட்டித் தட்டி முடுக்கும் வகையில் (இம்பாக்ட் டிரைவர்) அந்த எதிர்முறுக்கு மிகக் குறைவு. மணிக்கட்டு வலி உள்ளவருக்கு அதுவே நல்லது, காதடைப்பான் போட்டுக்கொள்ள வேண்டும். மின்கலம் சிறியதாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். நாள் முழுவதும் ஓடும் பெரிய மின்கலத்தைத் தூக்கிப்பிடிக்க வேண்டியது நம் கைதான்.

மறுபக்கம் அதிர்வு இருக்கிறது. 1918-இல் அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன், இண்டியானா சுண்ணாம்புக்கல் குவாரிகளில் காற்றழுத்தச் சுத்தியல் பிடித்த கல்தச்சர்களின் விரல்கள் வெளுத்து மரத்துப்போவதை ஆராய்ந்து எழுதினார். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை, எட்டு மணி நேர வேலைக்குக் கையதிர்வு விநாடி வர்க்கத்துக்கு 2.5 மீட்டரை எட்டினால் நடவடிக்கை எடுக்க வேண்டும், 5 மீட்டரைத் தாண்டவே கூடாது என்கிறது. நல்ல கருவிகளின் கையேட்டில் அதிர்வளவு அச்சிடப்பட்டிருக்கும். வாங்கும் முன் பார்த்துவிடுங்கள். உப்புத்தாள் தேய்க்கும் இயந்திரத்தை ஒரு மணி நேரம் பிடித்துவிட்டு இரவில் விரல் குடைச்சலோடு கிடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கூர்மையான இழைப்புளியால் ஒரு பலகையை இழைத்து முடிப்பது, பல நேரங்களில் கைக்கு இதைவிட இதமானது. மழுங்கிய இழைப்புளி அப்படியல்ல. கைக்கருவியைத் தேர்ந்தெடுப்பவர், தீட்டுவதற்கான கல்லைப் பெட்டியில் பூட்டிவைக்காமல் மேசையருகே நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

கைப்பிடியின் பருமன் இரண்டுக்கும் பொது. பலமாகப் பிடிக்க வேண்டிய கருவிக்கு 32 முதல் 50 மி.மீ. விட்டம் வசதியானது. மெலிந்த பிடிகளுக்கு மிதிவண்டிக் கைப்பிடி நாடாவையோ ரப்பர்க் குழாயையோ சுற்றிப் பருமனாக்கலாம். சுத்தியலுக்கு மட்டும், சுற்றியது நழுவாமல் ஒட்டியிருக்கிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே மூச்சிலா, கொஞ்சம் கொஞ்சமாகவா

மாற்றி அடுக்கும் வேலையே உடம்பைப் படுத்திவிடும். நான் முதல் முறை இரண்டு நாட்களில் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பரப்பினேன். மூன்றாம் நாள் எழ முடியவில்லை. பொருட்கள் ஒரு வாரம் தரையில் கிடந்தன, ஒவ்வொன்றையும் மறுபடி குனிந்தே எடுக்க வேண்டியதாயிற்று. ஒரே மூச்சில் முடிப்பதன் ஒரே நன்மை, மொத்த இடத்தையும் ஒரு பார்வையில் பார்த்துத் திட்டமிடலாம் என்பதே. அதைத் தாளில் வரைந்தும் செய்யலாம்.

இரண்டாம் முறை, ஒரு நாளுக்கு ஒரு தட்டு அல்லது ஓர் இழுப்பறை, அரை மணி நேரத்துக்கு மேல் இல்லை என்று வைத்துக்கொண்டேன். தரையில் எதையும் வைக்காமல், ஒரு மடக்கு மேசையை விரித்து அதன்மேல் பிரித்தேன். தொடங்குவதற்கு முன் இரண்டு வாரம், வேலைக்கு நடுவே எதற்காகக் குனிந்தாலும் எக்கினாலும் அந்தப் பொருளில் ஒரு துண்டு வண்ண நாடா ஒட்டிவந்தேன். மூன்று நான்கு நாடா சேர்ந்த பொருட்களே முதலில் நடுப்பட்டைக்கு இடம்பெயர்ந்தன. நாடாவே ஒட்டாதவை கீழே போயின. எது எங்கே என்று நானாக ஊகித்திருந்தால் பாதியைத் தவறாக அடுக்கியிருப்பேன். இடுக்கிகள்தான் நான் அதிகம் குனிந்து எடுக்கும் பொருள் என்று நாடா ஒட்டும்வரை எனக்குத் தெரியாது.

பலகைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எட்டடிக்கு நாலடி, 18 மி.மீ. பிளைவுட் ஒன்று 30 கிலோவைத் தொடும், பிடிக்கவும் வாகில்லாதது. படுக்கையாக அடுக்கினால் அடியில் இருப்பதை எடுக்க மேலே உள்ள அனைத்தையும் நகர்த்த வேண்டும்; செங்குத்தாகச் சுவரில் சாய்த்தால் புத்தகம்போல் புரட்டி ஒன்றை உருவலாம். செங்குத்து முறை மேலானது, அடியில் தரையிலிருந்து சற்று உயர்த்திய வழுக்குச் சட்டமும், சரிந்து விழாமல் குறுக்கே ஒரு சங்கிலியும் இருந்தால். ஆனால் இதிலும் மேலான வழி, முழுப் பலகை ஷெட்டுக்குள் வராமலே பார்த்துக்கொள்வது. எந்தப் பொருளைச் செய்யப்போகிறேன் என்று அளவு வரைந்துகொண்டு போய், வாங்கும் இடத்திலேயே நான்கு துண்டாக அறுத்து வாங்கிவருகிறேன். இறுதி அளவுக்கு 1 செ.மீ. கூடுதலாக விட்டு அறுக்கச் சொல்லிவிட்டால், அவர்கள் ரம்பம் கொஞ்சம் கோணினாலும் வீட்டில் சீர்செய்துகொள்ளலாம். ஒவ்வொரு துண்டும் 8 கிலோவுக்குள் நின்றுவிடும்.